உங்கள் பதிவில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன

கேள்வி: நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேரூராட்சி எங்கள் தெருவில் கட்டிய மழைநீர் வடிகாலின் சிலாப்புகள் மூன்று மாதத்துக்குள் உடைந்துவிட்டன. அதைப் படம் எடுத்து முகநூலில் எழுதினேன்; தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அதோடு, ஒப்பந்ததாரரைப் பற்றி எனக்கு வந்திருந்த ஒரு செய்தியையும் அப்படியே அனுப்பினேன். மறுநாள் அவருடைய ஆட்கள் சிலர் வாசலில் நின்று சத்தம் போட்டு, பத்துக் கோடி ரூபாய் மானநஷ்ட வழக்குப் போடுவோம், 66ஏ பிரிவில் உள்ளே தள்ளுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர், “சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும், பதிவை நீக்கிவிட்டு, ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்” என்றார். அமெரிக்காவில் இருக்கும் என் மகன், “பேச்சுரிமை இருக்கிறது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது” என்கிறான். பக்கத்து வீட்டுக்காரரோ, அரசாங்கத்தைக் குறை சொன்னால் தேசத்துரோகம் என்கிறார். குழுவின் அட்மினான எதிர்வீட்டுத் தம்பி பயந்துபோய்க் குழுவையே கலைக்கப் போகிறார். உண்மையைத்தானே எழுதினேன், அது எப்படிக் குற்றமாகும்? (பெயரும் ஊரும் வேண்டாம்.)

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா,

நீங்கள் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் கடிதத்தோடு இணைத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. இத்தகைய கேள்விகளோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் தாம் எழுதியதன் சாரத்தைத்தான் சொல்வார்களே தவிர, எழுதியதைக் காட்ட மாட்டார்கள்; ஆனால் நீதிமன்றம் படிப்பது சாரத்தை அல்ல, சொற்களை. உங்கள் மகன், பக்கத்து வீட்டுக்காரர், வாசலுக்கு வந்தவர்கள், தொலைபேசியில் பேசிய காவலர் ஆகிய எல்லோருமே உங்கள் பதிவை ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் அப்படி எடைபோடுவதில்லை. நீங்களே எழுதிய மூன்று வாக்கியங்களும் பிறர் எழுதி நீங்கள் அனுப்பிய ஒன்றுமாக, அதில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. அந்த நான்குக்கும் சட்டத்தில் நான்கு வெவ்வேறு இடங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன்னால், உங்களைச் சுற்றிச் சொல்லப்பட்ட சில தவறான செய்திகளை நேர்செய்துவிடுகிறேன்.

உங்கள் மகன் சொல்வதில் உள்ள பிழை, அவர் வாழும் நாட்டின் சட்டத்தை உங்கள் தெருவுக்குக் கொண்டுவந்ததுதான். பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 1791ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. எழுத்தில் அதற்கு விதிவிலக்கே இல்லை. ஆனாலும் அங்கேகூட அவதூறுக்கு நஷ்டஈடு உண்டு, நேரடி மிரட்டலுக்குத் தண்டனை உண்டு. ‘நிரம்பிய திரையரங்கில் தீ என்று பொய்யாகக் கத்தும் உரிமை யாருக்கும் இல்லை’ என்ற உவமையை நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களிலும் அடிக்கடி கேட்கிறோம். அதைப் பேச்சுரிமையின் எல்லையை வகுத்த விதியாகவே பலர் நம்புகிறார்கள். 1919இல் நீதிபதி ஹோம்ஸ் அதை எழுதிய வழக்கில் திரையரங்கும் இல்லை, தீயும் இல்லை. முதல் உலகப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடந்தபோது அதை எதிர்த்துத் துண்டறிக்கை அனுப்பியவர்களைச் சிறையில் அடைத்தது சரி என்று சொல்வதற்காக எழுதப்பட்ட உவமை அது. உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நிகழ்ந்துவிடும் வாய்ப்பும் சேர்ந்து இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்று 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளவுகோலை மாற்றிவிட்டது. ஆக, அந்த உவமையைக் கொண்டு அமெரிக்காவிலேயே ஒரு வழக்கை முடிவுசெய்ய முடியாது; இந்தியாவில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

நம் நாட்டின் அரசியலமைப்பு உரிமையையும் அதன் எல்லையையும் அடுத்தடுத்தே எழுதியிருக்கிறது. 19(1)(அ) உட்பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையையும் கருத்து வெளியீட்டு உரிமையையும் தருகிறது. 19(2) உட்பிரிவு, நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகிய எட்டுக் காரணங்களுக்காக மட்டும், அதுவும் சட்டம் ஒன்றின் வழியாக மட்டும், நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்கிறது. இந்தப் பட்டியல் உருவானதில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று சென்னை மாகாண அரசு தடுத்தபோது, அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்துசெய்தது. பொது ஒழுங்கு என்ற காரணம் அன்று பட்டியலில் இல்லை. அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தின் மூலம் அது சேர்க்கப்பட்டது; ‘நியாயமான’ என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் நுழைந்தது. இறையாண்மையும் ஒருமைப்பாடும் திராவிட நாடு கோரிக்கை ஓங்கியிருந்த காலத்தில், 1963இல், பதினாறாம் திருத்தத்தால் வந்து சேர்ந்தவை.

இந்த எட்டுக்குள் இல்லாதவற்றைக் கவனிப்பது இன்னும் முக்கியம். ‘மனம் புண்பட்டது’ என்பது அதில் இல்லை, ‘எரிச்சலூட்டியது’ இல்லை, ‘அரசாங்கத்தின் கௌரவம் குறைந்தது’ இல்லை. பட்டியல் முழுமையானது, அதற்கு வெளியே புதிய காரணங்களைச் சேர்க்க முடியாது என்று 2023 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு கௌசல் கிஷோர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சமய உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவுகூட, வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு செய்த இழிவுக்கு மட்டுமே பொருந்தும் என்று சுருக்கி வாசிக்கப்பட்டு, பொது ஒழுங்கு என்ற காரணத்தின் கீழ்தான் 1957இல் பிழைத்தது.

வாசலில் நின்றவர்கள் சொன்ன 66ஏ உயிரோடு இல்லாத பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009 முதல் நடைமுறையில் இருந்த அது, எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினாலே மூன்றாண்டு வரை சிறை என்றது. மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவரும், மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டதைப் பற்றி முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதை விரும்பியதாகக் குறியிட்ட அவருடைய தோழியும் 2012இல் கைதானது இத்தகைய வழக்குகளில்தான். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுவதுமாக ரத்துசெய்தது. ஒரு கருத்தை விவாதிப்பதும் அதை ஆதரித்து வாதாடுவதும், கேட்பவருக்கு எவ்வளவு கசந்தாலும், உரிமைக்கு உட்பட்டவை. தூண்டுதல் என்ற நிலையை எட்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் மையம். அதற்குப் பிறகும் சில காவல் நிலையங்களில் அந்தப் பிரிவின் கீழ் வழக்குப் பதிவானதால், இனி எவர் மீதும் அதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. ஆகவே அந்த எண்ணைச் சொல்லி யார் மிரட்டினாலும் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் தேசத்துரோக அச்சமும் ஆதாரமற்றது. அரசைக் கடுமையாக விமர்சிப்பது அந்தக் குற்றம் ஆகாது, வன்முறையைத் தூண்டினால் மட்டுமே ஆகும் என்பது 1962இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே முடிவானது. பழைய தண்டனைச் சட்டத்தின் தேசத்துரோகப் பிரிவான 124ஏவை 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிக்கும் செயல்களைப் பற்றியது. அரசின் நடவடிக்கையைச் சட்டபூர்வமான வழியில் மாற்றக் கோரி அதிருப்தி தெரிவிப்பது குற்றமல்ல என்ற விளக்கமும் அதோடு இருக்கிறது. அந்தப் பிரிவின் வாசகங்கள் தேவைக்கு மேல் விரிந்தவை என்பது என் கருத்து. ஆனால் எவ்வளவு விரித்தாலும் உடைந்த சிலாப் அதற்குள் அடங்காது.

இனி உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன்.

முதல் வாக்கியம், சிலாப் உடைந்துவிட்டது, உடைந்த இடத்தில் கம்பியே தெரியவில்லை என்பது. நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறீர்கள், படமும் இருக்கிறது. இரண்டாவது, இவ்வளவு மோசமான வேலையை வாழ்நாளில் பார்த்ததில்லை என்பது. இது அபிப்பிராயம், அபிப்பிராயத்தை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, அது நிற்கும் உண்மைகள் சரியாக இருந்தால் போதும். பொதுப் பணத்தில் நடந்த பொது வேலையைப் பற்றி இந்த இரண்டையும் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. பேரூராட்சி தன் பெயர் கெட்டுவிட்டது என்று உங்கள் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடவும் முடியாது. இதைச் சொன்ன வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று ‘நக்கீரன்’ இதழைச் சிறைத்துறை எச்சரித்தபோது, ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. கூடவே, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்களை அவதூறு செய்ததாக நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர முடியாது என்றும், பொது அதிகாரி தன் அலுவல் தொடர்பான செய்கைகளைப் பற்றிய விமர்சனத்துக்கு நஷ்டஈடு பெற வேண்டுமானால், எழுதியவர் உண்மையைப் பற்றிச் சற்றும் கவலைப்படாமல் எழுதினார் என்று காட்ட வேண்டும் என்றும் விதித்தது. அமெரிக்காவில் 1964இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வென்ற ஒரு வழக்கின் தாக்கம் அதில் இருக்கிறது. மகனிடம் சொல்லுங்கள், அவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

மூன்றாவது வாக்கியத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். ‘கான்ட்ராக்டரும் கவுன்சிலரும் பாதிப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று ஊரே பேசுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது அபிப்பிராயம் அல்ல. இரண்டு குறிப்பிட்ட மனிதர்கள் ஒரு குற்றம் செய்தார்கள் என்ற கூற்று. ‘ஊரே பேசுகிறது’, ‘சொல்லப்படுகிறது’, கடைசியில் ஒரு கேள்விக்குறி, இவற்றைச் சேர்த்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரோடியிருக்கிறது. வதந்தியை எடுத்துச் சொல்பவரும் சட்டத்தின் பார்வையில் அதை வெளியிடுபவர்தான். பெயரைக் குறிப்பிடவில்லையே என்பதும் உதவாது. உங்கள் வார்டுக்கு ஒரே கவுன்சிலர்தானே.

‘உண்மையைத்தானே எழுதினேன்’ என்று நீங்கள் கேட்டதற்கு இங்கேதான் விடை சொல்ல வேண்டும். உரிமையியல் வழக்கில் உண்மை முழுமையான எதிர்வாதம். குற்றவியல் அவதூறில் அப்படியில்லை: கூற்று உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். வடிகால் விஷயத்தில் பொது நன்மையைக் காட்டுவது எளிது. உண்மையைக் காட்டுவதுதான் கடினம், ஏனென்றால் விதிவிலக்கைக் கோருகிறவர்தான் அதை நிறுவ வேண்டும். பணம் கைமாறியதை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்தவரும் சாட்சி சொல்ல வர மாட்டார். பொதுப் பிரச்சினை ஒன்றில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது என்ற இன்னொரு விதிவிலக்கும் உண்டு. அந்த ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சுவழக்கில் அது மனத்தின் தூய்மையைக் குறிக்கும். உங்கள் மனம் தூய்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தண்டனைச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி இலக்கணம் இருக்கிறது: உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது. எழுதுவதற்கு முன் நீங்கள் எதை விசாரித்தீர்கள், எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்றுதான் நீதிமன்றம் கேட்கும். உங்கள் உள்ளம் எப்படியிருந்தது என்று கேட்காது. குற்றவியல் அவதூறை ஒரு நாகரிகச் சமூகம் எப்போதோ கைவிட்டிருக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். ஆனால் 2016 மே மாதத்தில் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக, இரண்டாண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை என்ற தண்டனையோடு இருக்கிறது. சட்டம் இருக்கும்வரை அதற்கேற்ப எழுதச் சொல்வதுதான் என் கடமை.

நான்காவது வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வயதுக்கும் பணிக்கும் உரிய மரியாதையோடுதான் சொல்கிறேன். அந்த ஃபார்வர்டில் ஒப்பந்ததாரரின் குடும்பப் பெண்களைப் பற்றியும் அவர் பிறந்த சமூகத்தைப் பற்றியும் இருக்கும் வரிகளுக்கும் உடைந்த சிலாப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் எழுதாததுதான், ஆனால் உங்கள் பெயரில்தான் அது இருநூறு வீடுகளுக்குப் போயிருக்கிறது. ‘வந்ததை அனுப்பினேன்’ என்பது பாதுகாப்பு அல்ல. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018இல் நடிகர் எஸ்.வி. சேகர் முகநூலில் பகிர்ந்தார். பின்னர் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அந்த வழக்குகளை ரத்துசெய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு என்பதுதான் உயர் நீதிமன்றம் சொன்னதன் பொருள். உங்கள் விஷயத்தில், சாதியின் பெயரால் பகைமை வளர்ப்பதைத் தண்டிக்கும், நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ள இந்த ஒரு வாக்கியம்தான் இடம் கொடுக்கிறது. அவர் பட்டியல் சமூகத்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும், அதில் முன்ஜாமீனுக்கும் தடை உண்டு. வழக்கு வந்தாலும் வராவிட்டாலும் இன்றே அதை நீக்கிவிட்டு, ‘தவறான செய்தி ஒன்றைப் பகிர்ந்துவிட்டேன், வருந்துகிறேன்’ என்று அதே குழுவில் எழுதுங்கள். நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு வாசகங்களைச் சேர்த்துக் காட்டினால் மறுக்க அது வேண்டும். உங்கள் மாணவர்களில் யாராவது சக மாணவனைச் சாதி சொல்லித் திட்டியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எதிர்வீட்டுத் தம்பி குழுவைக் கலைக்க வேண்டாம். உறுப்பினர் ஒருவர் போட்ட செய்திக்கு, அதில் பங்கில்லாத அட்மின் குற்றவாளி ஆக மாட்டார். கரூரில் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் எழுந்த பிரச்சினையில், வெறுமனே அட்மினாக மட்டும் இருந்திருந்தால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் இதே நிலைப்பாட்டில் இருக்கின்றன.

காவல் நிலையத்திலிருந்து வந்த அழைப்புதான் உங்களை மிகவும் கலங்கவைத்திருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும், ஆகவே பேசாதே’ என்ற வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்த் திரைப்படத்தை முன்னிட்டே பதில் சொல்லியிருக்கிறது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தைத் திரையிட்டால் கலவரம் மூளும் என்று சொல்லப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்துசெய்தது. 1989இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஆர்ப்பாட்டம் செய்வோம், வன்முறையில் இறங்குவோம் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, அந்த உரிமையைக் காப்பதே அரசின் கடமை என்றது. பேச்சுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக்குள் விழும் தீப்பொறியைப் போல நெருக்கமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ‘எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்பதற்கும் நம்மிடம் முன்னுதாரணம் இருக்கிறது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில் ‘மாதொருபாகன்’ நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனிடமிருந்து எழுதி வாங்கப்பட்ட ஒப்புதல் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வாசலில் கூட்டம் சேர்த்துச் சத்தம் போட்டவர்கள் மீதுதான் காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். அதைப் புகாராக எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அவதூறு, காவல்துறை தானே எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டதாகக் கருதுகிறவர் நீதித்துறை நடுவரிடம் தனிநபர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி, நடுவர் அதைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். வேறு பிரிவில் விசாரணை என்றால், எழுத்து மூலமான அழைப்பாணை வேண்டும். பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 179ஆம் பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவருக்குரிய அறிவிப்பைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேச்சு தொடர்பான, மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், எஃப்.ஐ.ஆருக்கு முன் பதினான்கு நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று அதே ஆண்டு மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகப் போடப்பட்ட எஃப்.ஐ.ஆரை ரத்துசெய்தபோது, அது கூறியது. மீண்டும் தொலைபேசி வந்தால், சண்டை போடாமல், ‘எழுத்தில் அனுப்புங்கள், என் வழக்கறிஞரோடு பதில் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

பத்துக் கோடியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கேட்கும் தொகைக்கு ஏற்ப வழக்குத் தொடுப்பவர்தான் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால், வாசலில் சொல்லப்படும் தொகை வழக்குரையில் அப்படியே வருவது அரிது. வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த வழக்கைத் தொடுத்தாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் உறையோடு பத்திரப்படுத்துங்கள். பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

முகநூல் பதிவின் முதல் இரண்டு வாக்கியங்களும் படங்களும் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதை மட்டும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். எடுப்பது பணிந்துபோவது அல்ல, அதை மறுபடி எழுதும் வேலை பாக்கியிருக்கிறது. பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பி, வடிகால் பணியின் மதிப்பீடு, ஒப்பந்த ஆணை, அளவுப் புத்தகத்தின் நகல், பணம் வழங்கிய பட்டியல், தரச் சோதனை அறிக்கை, பணி முடிவுச் சான்றில் கையெழுத்திட்டவரின் பதவி ஆகியவற்றைக் கேளுங்கள். அதே சட்டம் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது; உடைந்த சிலாப்பின் ஒரு துண்டையே கேட்டு வாங்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மதிப்பீட்டில் எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எவ்வளவு இடைவெளியில் என்று எழுதியிருக்கும், அளவுப் புத்தகத்தில் அதை யார் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டார்கள் என்பதும் இருக்கும். அவை கைக்கு வந்ததும், உங்கள் தெருவில் உடைந்து கிடக்கும் சிலாப்பின் படத்தையும் அந்தப் பக்கத்தின் நகலையும் அருகருகே வைத்து, ‘கம்பிக்குப் பணம் வழங்கப்பட்டிருக்கிறது, சிலாப்பில் கம்பி இல்லை’ என்று மூன்றாவது வாக்கியத்தை எழுதுங்கள்.